வரவேண்டிய மொய்

அத்தியாயம் 14

சிதம்பரத்தில் திலகவதிக்கு ஒரு வீடு இருந்தது.

அதற்குச் செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை. மனையே இன்னும் அடுத்தவர் பேரில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வீட்டுச் சமையலறைக்குள் மாலை வெயில் எந்தப் பக்கமாக வரும், அரிசி டப்பாவை எங்கே வைப்பது, ஆறு வயது வெண்மதி உட்கார்ந்து படிக்க எந்த மூலை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அடுப்பில் பால் காய்வதற்குள் இரண்டு முறை அங்கே போய்வந்துவிடுவாள். அதனாலேயே செம்மண்டலத்து வாடகை வீட்டில் பால் அடிக்கடி பொங்கி வழிந்தது.

இந்தக் கதைக்குள் இன்றைக்குத்தான் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை.

அவள் புருஷன் மணிவண்ணன் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். வாங்கிய சம்பளம் பத்தாம் தேதிக்குள் எங்கே போகிறது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரை மூடினார்கள். அங்கிருந்து ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. கீழ் வீட்டில் குடியிருந்த மாலதி ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள். வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்தாள். பிறகு கல்யாணமாகிப் புதுச்சேரிக்குப் போய்விட்டாள். போகும்முன் அவள் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு ரூபாயையும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எங்கிருந்து வந்தாய், எங்கே போகிறாய். இரண்டுக்கும் பதில் எழுதினால்தான் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும்.

மூன்றே மாதத்தில் திலகவதிக்கு ஓட்டை தெரிந்துவிட்டது. பாதி ஓட்டை மணிவண்ணனின் டீக்கடைப் பற்று. மீதிப் பாதி, தவணைக்காரரிடம் அவள் வாங்கி அடுக்கியிருந்த பாத்திரங்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சண்டை குறைந்தது. அவளுக்கோ கணக்கு எழுதுவதில் ஒரு மயக்கமே வந்துவிட்டது. மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். எண்கள் வரிசையாக ஏறி இறங்குவதைப் பார்க்கும்போது, யாரோ தலையைக் கோதிவிடுவது போல இருக்கும்.

அப்புறம்தான் மொய் நோட்டு கையில் கிடைத்தது.

கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவர்கள் யார் யார் வீட்டு விசேஷத்தில் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்ற நோட்டு. ஊர், பேர், தொகை. அதில் முப்பத்து நான்கு வீடுகள் இன்னும் திருப்பி எழுதாமல் இருந்தன, ஏனென்றால் மணிவண்ணன் வீட்டில் இதுவரை ஒரு விசேஷமும் நடக்கவில்லை. இதை எங்கே எழுதுவது என்று திலகவதி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். செலவு என்று எழுத மனம் வரவில்லை. மொய் திரும்பி வருகிற பணம் அல்லவா? மணிவண்ணனின் அக்கா மகளுக்குச் செய்த தாய்மாமன் சீரைச் செலவில் எழுதினாள், அது திரும்பாதது. மொய்யை மட்டும் சொத்து என்ற தலைப்பின் கீழ், சீட்டுப் பணத்துக்கும் பீரோப் பணத்துக்கும் மேலே, ‘வரவேண்டிய மொய்’ என்று போட்டாள். ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.

சீட்டு ஐம்பதாயிரம், பீரோவில் பதினெட்டாயிரம். கம்ப்யூட்டர் மூன்றையும் கூட்டி, கீழே தடித்த எழுத்தில் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் என்று காட்டியது.

மணிவண்ணன் அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தான். தன்னிடம் இவ்வளவு இருக்கிறது என்று அவனிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. மறுநாளே சிதம்பரத்துக்குப் போய், சாமிக்கண்ணு என்பவரின் மனைக்கு வார்த்தை கொடுத்துவிட்டு வந்தான். விலை இரண்டே கால் லட்சம். ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம். மீதியை மூன்று மாதத்தில் கட்ட வேண்டும், தவறினால் முன்பணம் திரும்பாது. வைகாசியில் வெண்மதிக்குக் காதுகுத்து வைத்தால் மொய் வந்துவிடும், மொய் வந்தால் மனை வந்துவிடும். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் நாள் இன்று. 2012, சித்திரைக் கடைசி ஞாயிறு. சாயங்காலம் நாலு மணிக்கு.

*

மணிவண்ணன் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். சீட்டுப் பணத்தை அவனே எடுத்து வைத்திருந்த தோல் பையும், ஒரு கிலோ சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டான். சுண்ணாம்பு எதற்கு என்று திலகவதி கேட்டதற்கு, சும்மாதான் என்றான். ராத்திரி முழுக்க மின்சாரம் இல்லாததால் அவன் செல்போனில் சார்ஜ் இல்லை. அதையும் சொல்லிவிட்டே போனான்.

பத்தரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விருத்தாம்பாள் வந்திருந்தாள்.

விருத்தாம்பாள் மணிவண்ணனுக்கு அக்கா, திலகவதிக்கு அண்ணி முறை. குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரிக் கொல்லைக்காரர் கலியபெருமாளுக்கு வாழ்க்கைப்பட்டவள். எப்போது வந்தாலும் வறுத்த முந்திரிப் பருப்பு ஒரு தூக்கு நிறைய வரும். இன்றைக்கு அவள் கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழம்தான் இருந்தது. அதை நீட்டும்போது அவள் திலகவதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

திலகவதி காபி போட்டுக் கொடுத்தாள். கலியபெருமாள் அண்ணன் வரவில்லையா என்று விசாரித்தாள். அவர் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போய்ப் பதினைந்து நாளாகிறது, ஒரு போன்கூட இல்லை என்று விருத்தாம்பாள் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். ஐம்பது வயது மனுஷன், சொந்தக் கொல்லை வைத்திருந்தவர், கூலி வேலைக்கு ஊர் விட்டு ஊர் போயிருக்கிறார். திலகவதிக்கு அதற்குமேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விருத்தாம்பாள் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எம்பேரு இதுல இருக்குதாமே. பத்திரிக வைக்க வந்தப்ப தம்பி சொன்னான்.”

திலகவதிக்குச் சுருக்கென்றது. மணிவண்ணன் பெருமைக்குச் சொல்லியிருப்பான், வேறு நினைப்பில் இல்லை. ஆனால் சொல்லிவிட்டானே. மறைக்கவும் முடியாமல் அவள் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினாள். மொய் வரிசையில் ஆறாவது பேர். அண்ணி மகள் கல்யாணத்தில் எழுதியது, பதினைந்தாயிரத்து ஒன்று.

விருத்தாம்பாள் இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தன் பேரை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடி சூடாக இருக்கிறது என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

“நூத்திப் பதினெட்டு மரம் நின்ன எடம், திலகா. தானே புயல் அடிச்ச அன்னிக்கு ராத்திரி ஒண்ணொண்ணா சாயிற சத்தத்த படுத்தபடி எண்ணிக்கிட்டு இருந்தேன். இப்ப அஞ்சு நிக்குது. வெறவா வித்துடலாம்னு பாத்தா வாங்க ஆளில்ல. ஊர்பூரா வெறவுதான் கெடக்குது.”

திலகவதியும் இறங்கி அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“பத்திரிக வந்ததுலேருந்து தூக்கமில்ல. வராம இருந்துடலாமான்னுகூட நெனச்சேன். தம்பி வூட்டு மொத விசேஷம், அத்தக்காரி வரலன்னா நாலு பேரு என்னா பேசுவாங்க? வந்துட்டு எழுதாம போனா அதுக்குமேல பேசுவாங்க.”

“நீங்க எழுத வேணாம் அண்ணி. நீங்க வந்தாப் போதும்.”

விருத்தாம்பாள் முகம் மாறிவிட்டது. “அப்ப நான் சோறு தின்ன மட்டும் வரணுமா?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் திலகவதிக்குத் தாங்க முடியவில்லை.

பிறகு விருத்தாம்பாளே பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

“நீ எனக்கு ஒரு பதினஞ்சாயிரம் குடு. விசேஷத்தன்னிக்கு அதையே கொண்டாந்து எழுதிட்டுப் போறேன். மைக்குல படிக்கும்போது எம்பேரும் வரணும், அவ்ளோதான். ரெண்டு வருஷத்துல திருப்பிடுவேன். தம்பிக்குத் தெரிய வேணாம். அவுரு காதுக்கும் போவ வேணாம், கவுரவம் பாக்குற மனுசன்.”

கேட்டு முடித்ததும் அவள் எழுந்துபோய், உள்ளே விளையாடிக்கொண்டிருந்த வெண்மதியின் தலையை அவிழ்த்துச் சீவ ஆரம்பித்தாள். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாதாம்.

திலகவதி பீரோவைத் திறந்தாள். பந்தலுக்கும் சமையலுக்கும் வைத்திருந்த பதினெட்டாயிரம் அங்கே இருந்தது. பதினைந்தை எண்ணி ஒரு பழைய பத்திரிகை உறையில் போட்டு, அண்ணியின் பைக்குள், வெற்றிலைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தாள். விருத்தாம்பாள் சீப்பை நிறுத்தாமலே தலையை ஒரு தரம் ஆட்டினாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே அந்தக் காரியம் முடிந்தது.

*

பழக்க தோஷம். கொடுத்த கையோடு கணக்கில் எழுத உட்கார்ந்தாள்.

எங்கிருந்து? பீரோவிலிருந்து. எங்கே? விருத்தாம்பாளுக்குக் கடன். பதினைந்தாயிரம். காதுகுத்தன்று என்ன ஆகும் என்று பார்க்க, அதையும் முன்கூட்டியே எழுதினாள். எங்கிருந்து? வரவேண்டிய மொய்யிலிருந்து. எங்கே? பீரோவுக்கு. மேளதாளத்தோடு அண்ணி பேரைப் படித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டாள்.

கீழே தடித்த எழுத்தைப் பார்த்தாள். இரண்டு லட்சத்து முப்பதாயிரம். ஒரு ரூபாய்கூட அசையவில்லை.

அவளுடைய பணமே வெளியே போய், ஒரு பஸ் பிடித்துக் குறிஞ்சிப்பாடி வரைக்கும் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. மொய் என்று இருந்தது கடன் என்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். இரண்டையும் அது சொத்து என்றே சொன்னது.

மொய் வரிசையை மேலிருந்து திரும்பப் படித்தாள். இத்தனை நாள் தொகையைத்தான் படித்திருக்கிறாள். இன்றைக்கு ஊர்ப் பேரைப் படித்தாள். குறிஞ்சிப்பாடி. பண்ருட்டிப் பக்கம். மறுபடி பண்ருட்டிப் பக்கம். மணிவண்ணனின் அப்பா வழிச் சனம் முழுக்க முந்திரியும் பலாவும் வைத்துப் பிழைத்தவர்கள். விரல்விட்டு எண்ணினாள். முப்பத்து நான்கில் இருபத்தொரு வீடு. தொகையைக் கூட்டினாள். ஒரு லட்சத்து எட்டாயிரம்.

இருபத்தொரு வீட்டிலும் ஒரு பத்திரிகை இருக்கிறது. மஞ்சள் தடவி, மணிவண்ணனே நேரில் போய் வைத்தது. இருபத்தொரு வீட்டிலும் யாரோ ஒருத்தி தூங்காமல் படுத்திருக்கிறாள். எதை விற்பது, யாரைக் கேட்பது, வராமல் இருந்துவிடலாமா என்று. விசேஷத்துக்குக் கூப்பிடாமல் விட்டிருந்தால் அவமானம். கூப்பிட்டதோ, வசூலுக்கு ஆள் அனுப்பியது மாதிரி ஆகிவிட்டது.

தவறு கம்ப்யூட்டருடையது அல்ல. அது பாவம், கொடுத்ததைக் கூட்டியது. இந்தப் பணம் நிஜமாகவே வருமா என்று அது கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் அப்போது சிதம்பரத்தில் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. மேஜைக்கு அடியில் இருந்த யு.பி.எஸ். கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நாலு மணிக்கு மணிவண்ணன் கையெழுத்துப் போட்டால், மூன்று வருஷம் கட்டிய சீட்டுப் பணம் ஐம்பதாயிரமும் போய்விடும். வீடும் வராது, பணமும் வராது.

அவன் செல்போனைக் கூப்பிட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

அண்ணியிடம் சிதம்பரம் வரைக்கும் போய்வருகிறேன், வெண்மதியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மனையைப் பார்க்கத்தானே என்று விருத்தாம்பாள் சிரித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். எங்கள் வம்சத்தில் டவுனில் வீடு கட்டப்போகிறவன் என் தம்பிதான், நல்லபடியாகப் பார்த்துவிட்டு வா என்று குங்குமம் வைத்து அனுப்பினாள்.

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதுநகரும் சிப்காட்டும் பின்னால் போயின. ஆலப்பாக்கம் தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது. வெயிலில் சாலை தண்ணீராக மின்னியது. கிட்டே போகப் போக அந்தத் தண்ணீர் தள்ளித் தள்ளிப் போனது.

என்ன சொல்வது என்று யோசிக்கத்தான் கண்ணை மூடினாள். ஆனால் வீடு வந்து நின்றுவிட்டது. பாழாய்ப்போன வீடு, சொல்லாமலே வந்துவிடும்.

சின்ன வயசில் சிதம்பரத்தில் அவள் அப்பா வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு மாறினார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஓடிப்போய்க் கோபுரம் தெரிகிற ஜன்னலைத் தேடுவாள். ஒரு வீட்டில் தெரிந்தது, ஆனால் அங்கே ஏழு மாதம்தான் இருந்தார்கள். அந்த ஜன்னலைத்தான் இத்தனை நாளும் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது இப்போது அரைத்தூக்கத்தில் புரிந்தது. கனவில் அவள் வீட்டுச் சுவரெல்லாம் பத்திரிகைகளாக இருந்தன. கூடத்துச் சுவரில் முந்திரிக் கொல்லைப் பேர்கள். ஒவ்வொருவராக வந்து, தங்கள் பத்திரிகையை உருவிக்கொண்டு போனார்கள். யாரும் கோபப்படவில்லை. எல்லாரும் சாப்பிட்டீர்களா என்று அவளைத்தான் கேட்டார்கள்.

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது விழித்தாள். கன்னம் நனைந்திருந்தது. பக்கத்து சீட்டுக்காரி எதுவும் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மேற்கே போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி, மனை இருக்கும் இடத்துக்கு அவள் போய்ச் சேரும்போது மணி மூன்றே கால்.

தூரத்திலிருந்தே மணிவண்ணனைத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து நடந்துகொண்டிருந்தான். ரோட்டோரப் புளியமரத்தடியில் சாமிக்கண்ணு சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. பத்திரம் எழுதுகிறவர் வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி அவளுக்கும் ஒரு வணக்கம் போட்டார்.

திலகவதி மனைக்குள் கால் வைக்கப்போனாள்.

“அங்க சொவரு. வாச இந்தப் பக்கம்,” என்றான் மணிவண்ணன்.

அப்போதுதான் பார்த்தாள். தரை முழுக்க வெள்ளைக் கோடுகள். சுண்ணாம்புப் பொடியால் அவன் ஒரு வீட்டையே வரைந்திருந்தான். கோட்டில் வாசலுக்கு இடைவெளி விட்டிருந்தான். திலகவதி சுற்றிக்கொண்டு வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, வாசல் வழியாக உள்ளே போனாள். ஏன் செருப்பைக் கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் அவளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினான். இது கூடம். இது வெண்மதி படிக்கிற மூலை. இங்கே பாத்ரூம், தண்ணீர்த் தொட்டி பின்னால். கடைசியாக இன்னொரு மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் அவளை நிறுத்தி, தோளைப் பிடித்துத் திருப்பினான்.

கருவேல மரங்களுக்கு மேலே, வெயில் புகைக்குள், கோபுரம் தெரிந்தது. ஜன்னல் வருகிற இடத்தில் கோட்டை மட்டும் அவன் கொஞ்சம் அழுத்திப் போட்டிருந்தான்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த நிமிஷத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. மூன்று மாதம் இந்த வீட்டில் வாழலாமே.

“மாமா, அந்த மொய்ப் பணம் வராது.”

சொல்லிவிட்டாள். ஆரம்பித்ததும் மீதியும் வந்தது. இருபத்தொரு வீடு, ஒரு லட்சத்து எட்டாயிரம், எல்லாம் புயலில் சாய்ந்த மரங்கள். மணிவண்ணன் சமையலறைக் கோட்டின் மேல் விழுந்த ஒரு சருகைக் குனிந்து எடுத்துப் போட்டான்.

“கம்ப்யூட்டர்ல இருந்துச்சே, திலகா.”

“அது எண்ணிப் பாத்து எழுதினது இல்ல, மாமா. ஆசப்பட்டு எழுதினது. நான்தான் எழுதினேன்.”

காற்று வந்து கூடத்துச் சுவரைக் கொஞ்சம் கலைத்துவிட்டுப் போனது. சாமிக்கண்ணு அங்கிருந்தே, எழுதுகிறவர் வந்துவிட்டார், வாருங்கள் தம்பி என்று குரல் கொடுத்தார். மணிவண்ணன் தோல் பையை எடுத்து அவள் கையில் வைத்தான். பை அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது.

“முப்பத்தஞ்சுதான் இருக்குது,” என்றான். “அவுருகிட்ட காலையில கெஞ்சி, முப்பத்தஞ்சுக்கு ஒத்துக்க வச்சிருக்கேன்.”

“மீதி?”

“மச்சானுக்குக் குடுத்துட்டேன். பத்திரிக வச்சிட்டியே, வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு கேட்டாரு. அந்த மனுசன் அப்படி நின்னு நான் பாத்ததில்ல. எழுதும்போது அக்கா எதுர்ல எழுதணும், எங்கிட்ட வாங்குனது அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னாரு. நீ கணக்குல எப்படி எழுதுவன்னு பயந்துதான் உங்கிட்டகூட சொல்லல.”

திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் இரண்டும் ஒழுங்காக வரவில்லை. இன்று காலை அண்ணி வந்ததையும், உறையில் போட்டுக் கொடுத்ததையும் சொன்னாள். அவள் பங்குக்குப் பதினைந்து, இவன் பங்குக்குப் பதினைந்து. புருஷனுக்குத் தெரியாமல் பெண்டாட்டி, பெண்டாட்டிக்குத் தெரியாமல் புருஷன். ஒரே மொய்யை இரண்டு பேரும் எழுத வருகிறார்கள். மணிவண்ணனும் சிரித்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்க அக்காவும் மச்சானும் சரியான ஜோடி என்றான்.

சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறுத்தியது.

“அண்ணன் எப்ப வந்து கேட்டாரு?”

“செவ்வாக்கெழம. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வரேன், கம்பெனி கேட்டாண்ட நிக்குறாரு. மறுநா குடுத்தேன்.”

“அவரு கேரளாவுக்குப் போயி பதினஞ்சு நாள் ஆவுதுன்னு அண்ணி சொன்னாங்களே.”

மணிவண்ணன் அவளையே பார்த்தான். புதன்கிழமை பணத்தை வாங்கிக்கொண்டு, மச்சான் நேராகக் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறுவார் என்றுதான் அவன் நினைத்திருந்தான். எந்த பஸ்ஸில் ஏறினார் என்று அவன் நின்று பார்க்கவில்லை.

அதற்கு இந்த நாலு சுவருக்குள் பதில் இல்லை. சாமிக்கண்ணு மறுபடி கூப்பிட்டார். மணிவண்ணன் போய், இன்றைக்குக் கையெழுத்துப் போட முடியாது, கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று அவரிடம் கேட்டான். திலகவதி சமையலறையில் நின்றபடி பார்த்தாள். அவர் கையை விரித்தார். பத்திரம் எழுதுகிறவர் மூடியைத் திருகிப் பேனாவைப் பையில் வைத்தார். வேறு ஒரு ஆள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நாளைக்கே அவருக்குச் சொல்லிவிடுவேன் என்று சாமிக்கண்ணு சொன்னது காற்றில் கேட்டது. அவர் மேல் குற்றமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மணிவண்ணன் திரும்பி வந்தான். முகம் வெயிலில் கறுத்து, முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருந்தான். முதல் வேலையாக மச்சானைத் தேட வேண்டும் என்றான். அக்காவிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை என்றான். பையில் இருக்கிற முப்பத்தைந்தில் காதுகுத்தைச் சின்னதாக நடத்திவிடலாம், மொய் நோட்டே போட வேண்டாம் என்று திலகவதி சொன்னாள். நோட்டே இல்லாவிட்டால் யாருக்கும் குறைச்சல் இல்லையே. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றான்.

நேரே கோட்டைத் தாண்டினால் ரோடு பத்தே அடி. ஆனாலும் இருவரும் கூடத்தின் வழியாக நடந்து, வாசலுக்கே வந்தார்கள். திலகவதி செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு ஆடு, வெண்மதி படிக்கிற மூலையில் புல் இருக்கிறதா என்று முகர்ந்துகொண்டிருந்தது.

மணிவண்ணன் ரோட்டில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

“கதவச் சாத்திட்டு வா, திலகா.”

அவள் திரும்பி நின்றாள். கோபுரத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, இல்லாத அந்தக் கதவை மெதுவாக இழுத்துச் சாத்திவிட்டு அவன் பின்னால் நடந்தாள்.